சமையல் பட்டன்

"என்ன வேலை பாக்குறீங்க?" என்று யாராவது கேட்டால், "அடுத்தவன் குடுத்த காசுல நாங்க என்னத்தக் கிழிச்சோம்னு எழுதிக் குடுக்கிற வேலை" என்பாள் திரிபுரசுந்தரி. விசிட்டிங் கார்டில் கிராண்ட் மேனேஜர், அதாவது மானிய மேலாளர், என்று அச்சடித்திருந்தார்கள். அந்தக் கார்டுப் பெட்டியை அவள் பிரிக்கவே இல்லை. வாயால் சொன்னால் புரியாத வேலை கார்டில் போட்டால் மட்டும் புரிந்துவிடுமா என்பது அவள் கட்சி.

வத்தலக்குண்டிலிருந்து கல்யாணமாகி ஹைதராபாத்துக்கு வந்தவள். கணவர் ஜகதீசனுக்குக் குஷாய்குடா பக்கம் மத்திய அரசு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் உத்தியோகம். வந்த நாளிலிருந்து சமைத்தாள், துவைத்தாள், தெலுங்கில் பேரம் பேசவும் இந்தியில் திட்டவும் கற்றுக்கொண்டாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் மகள் ரஷ்மியைப் படிக்கவைத்து, கல்யாணம் கட்டி, புனேவுக்கு அனுப்பினாள். அதற்கப்புறம் கை சும்மா இருக்கவில்லை. அபார்ட்மெண்ட் சங்கத்தைக் கையில் எடுத்தாள். தண்ணீர் டேங்கர் வந்தால் மேலே ஏறிக் குச்சி விட்டுப் பார்ப்பாள். முக்கால் டேங்கரோடு வந்தவன் எல்லாம் தெருமுனையிலேயே திரும்பிப்போன காலம் உண்டு.

இதை மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் பாலசுப்ரமணியன். காஞ்சன்பாக்கில் ராணுவ ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வில் பேப்பர் படிக்காமல் ஒரு ட்ரஸ்ட் ஆரம்பித்திருந்தார்.

"சார், நான் பி.காம். அதுவும் தபால்ல படிச்சது" என்றாள் அவர் கூப்பிட்டபோது.

"போதும்மா. எங்க பசங்களுக்கு மெஷின் செய்யத் தெரியும். சொன்ன தேதிக்குச் சொன்னதச் செய்யத் தெரியாது. நீங்க டேங்கர்காரனையே வழிக்குக் கொண்டுவந்தவங்க."

மெஷின் என்று அவர் சொன்னது உள்ளங்கை அகல வெள்ளை டப்பா. ஜீடிமெட்லாவில் மருந்து கம்பெனிகளுக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடுகிறது. அதை ஒட்டி ஒரு தெரு. கம்பெனிகளில் மூட்டை தூக்குகிறவர்களும் டிரம் உருட்டுகிறவர்களும் அங்கே குடியிருக்கிறார்கள். என்றைக்காவது கால்வாயில் எவனாவது விஷத்தைத் திறந்துவிட்டால், ஆட்கள் மயங்கி விழும் முன்னால் டப்பா அலற வேண்டும். தெருவே எழுந்து மெயின் ரோட்டுக்கு ஓட வேண்டும். அதுதான் திட்டம். பேரிடர் நேரத்தில் உதவுகிற டெல்லி அமைப்பு ஒன்று, புதுசாக எதையாவது கண்டுபிடிப்பவர்களுக்கென்று வைத்திருந்த நிதியிலிருந்து இதற்குப் பணம் கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனை. பத்து தடவை அலறினால் அதில் ஒன்றுக்கு மேல் காரணம் இல்லாத அலறலாக இருக்கக் கூடாது. இருந்தால் திட்டம் அத்தோடு சரி. சுவரிலிருந்து டப்பாக்களைக் கழற்றிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

மாட்டிய முதல் வாரத்திலேயே டப்பாக்கள் பைத்தியம் பிடித்த மாதிரி கத்தின. என்ஜினியர் பையன்கள் லேப்டாப்பும் கையுமாகத் தெருவில் உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். கம்பெனிகளைக் கேட்டால், எங்களிடமிருந்து ஒரு பொட்டு வாடை வெளியே வரவில்லை என்று ஒரே குரலில் சொன்னார்கள். ஆமாம், எங்கள் நாற்றம்தான் என்று எந்தக் கம்பெனிக்காரன் எழுதிக் கொடுப்பான்?

சுந்தரி வீடு வீடாகப் போனாள். அவளோடு சுற்றியவள் நஸ்ரின், அந்தத் தெருவில் ட்ரஸ்டின் களப்பணியாள். ஆம்பூர்க்காரி. கணவன் அப்துல் காதர் கால்வாய்க்கு அந்தப் பக்கத்துக் கம்பெனியில் டிரம் ஏற்றுகிறான். மாமியாரும் மூன்று வயதுப் பெண் குழந்தையும் வீட்டில். ரெண்டு அடுப்படியைப் பார்த்ததுமே சுந்தரிக்கு விஷயம் பிடிபட்டது. ஒருத்தி காய்ந்த மிளகாயை எண்ணெயில் போட்டாள், டப்பா அலறியது. இன்னொருத்தி பாத்ரூமுக்கு ஆசிட் ஊற்றினாள், அலறியது. சாம்பிராணிக்கு அலறியது. தலைக்கு டை அடித்தாலும் அலறியது.

"இந்த டப்பாவுக்கு மூக்கு இருக்கு, மூளை இல்ல சார்" என்றாள் ஆபீசில். "ஒரு பட்டன் வைங்க. தாளிச்சா அமுக்கட்டும். அலறல் நிக்கட்டும், சமையல்னு கணக்குல ஏறட்டும். காரணம் தெரிஞ்சிருச்சுல்ல?"

பட்டன் வைத்தார்கள், பச்சைக் கலரில். டெல்லியும் ஒத்துக்கொண்டது. சுந்தரியே தெருவில் பெண்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். "இந்தா பாருங்க. கத்துனா பதறாதீங்க. தொண்ணூறு சதம் உங்க அடுப்புதான். அமுக்குங்க, வேலையப் பாருங்க. சும்மா கத்தவிட்டீங்கன்னா டெல்லிக்காரன் டப்பாவைப் புடுங்கிட்டுப் போயிருவான்." பெண்கள் சிரித்தார்கள். காரணமில்லாத அலறல் மளமளவென்று இறங்கியது. பாலசுப்ரமணியன் ஆபீசுக்கு மைசூர்பாகு வாங்கி வந்தார். தன் வாழ்நாளில் கரண்டி பிடிக்காத ஒரு வேலைக்கு மைசூர்பாகு கிடைத்தது அதுதான் முதல் தடவை என்று சுந்தரி ஜகதீசனிடம் சொல்லிக்கொண்டாள்.

மார்ச் மாதம் டெல்லியிலிருந்து சந்தீப் வந்தான், திட்டத்தைப் பார்வையிட. நல்ல பையன். வெயிலில் முகம் சிவந்து, பெரிய தண்ணீர் பாட்டிலைக் கட்டிக்கொண்டு காரைவிட்டு இறங்கினான். ரம்ஜான் நோன்பு நடந்துகொண்டிருந்ததால் பாட்டிலை வெளியே எடுக்கக் கூச்சப்பட்டு மறுபடி பைக்குள் வைத்தான். மதியம் ரெண்டு மணி இருக்கும். தெருவில் ஒரு ஆள் இல்லை. கால்வாய் அன்றைக்கு மஞ்சளாக ஓடியது. நாய்கள்கூட அந்த ஓரத்தில் படுக்கவில்லை, எதிர்ச் சாரி சுவரை ஒட்டி நெருக்கியடித்துக் கிடந்தன.

நஸ்ரின் வீட்டில் பாயைப் போட்டு உட்காரவைத்தார்கள். மாமியார் உள்ளே ஒருக்களித்துப் படுத்திருந்தாள். குழந்தை மட்டும் இருமிக்கொண்டே வந்து சுந்தரியின் மடியில் ஏறியது. அதன் கால் கொலுசு கன்னங்கரேலென்று இருந்தது.

"என்னா நஸ்ரின், இரும்புல கொலுசு போட்டிருக்க?"

"வெள்ளிதான் மேடம், எங்கம்மா போட்டது. இங்க வந்தா எல்லாம் கறுத்துடுது. புளி போட்டுத் தேய்ச்சாலும் ரெண்டு நாள்தான்."

சுந்தரி கொலுசைத் தடவிப் பார்த்தாள். அப்போதுதான் டப்பா அலறியது. அந்த வீட்டில் மட்டும் இல்லை. பக்கத்து வீட்டிலும், அதற்கடுத்த வீட்டிலும், எதிரிலும். தெருவே கூவியது. சந்தீப் துள்ளி எழுந்தான். உள்ளே படுத்திருந்த மாமியார் கண்ணைக்கூட முழுசாகத் திறக்காமல் கையை நீட்டிச் சுவரில் தடவிப் பட்டனை அமுக்கினாள். "மிர்ச்சி" என்று முனகிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். பக்கத்து வீடு நின்றது. எதிர் வீடு நின்றது. கொஞ்ச நேரத்தில் தெரு பழையபடி அடங்கிவிட்டது.

"பஹுத் படியா, பிரமாதம்!" என்றான் சந்தீப். "எவ்வளவு சீக்கிரம்! மக்கள் இதைத் தங்களுடையதாகவே எடுத்துக்கொண்டார்கள், மேடம்." போனில் குறித்துக்கொண்டான்.

சுந்தரி குழந்தையை இறக்கிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அடுப்பின்மேல் ஒரு துணி விரித்து, அதன்மேல் பேரீச்சம்பழ டப்பாவை வைத்திருந்தார்கள். துணியை விலக்கி பர்னரில் உள்ளங்கையை வைத்தாள். ஜில்லென்று இருந்தது. விடிவதற்கு முன்னால் அணைத்த அடுப்பு. தெருவே நோன்பிருக்கும் இந்த மாதத்தில், இந்த நேரத்தில், எந்த வீட்டில் தாளிப்பார்கள்?

அவள் வாயைத் திறந்தாள். வாசலில் நின்ற நஸ்ரின் அவளையே பார்த்தாள். திட்டவில்லை, கெஞ்சவில்லை, வெறுமனே பார்த்தாள். சுந்தரி வாயை மூடிக்கொண்டாள். மூக்கில் மட்டும் ஏதோ இனிப்பாக, அழுகின கொய்யாவும் நகப்பூச்சும் கலந்த மாதிரி ஒரு வாடை ஒட்டிக்கொண்டு நின்றது.

சந்தீப்பின் கார் போனதும் நஸ்ரினைப் பிடித்துக்கொண்டாள். "யாருடி மிளகா தாளிச்சது?"

"யாரும் இல்ல அக்கா."

"பின்ன எதுக்கு அமுக்குறீங்க?"

"நீங்கதான சொன்னீங்கோ, கத்துனா அமுக்குன்னு."

"சமைச்சா அமுக்கச் சொன்னேன்டி!"

"அமுக்கலைன்னா இன்னா ஆவும்? டப்பா போயிடும், என் வேலை போயிடும். சரி, அது சின்ன விஷயம். நெஜமாவே விஷக் காஸ்னு ஆயிடுச்சின்னா? ஆபீசருங்கோ வருவாங்கோ, கம்பெனி கேட்டைப் பூட்டுவாங்கோ. போன வருஷம் பூட்டுனப்ப இவரு எத்தினி மாசம் வீட்ல குந்தினு இருந்தாருன்னு தெரியுமா? தெருவே குந்தினு இருந்துச்சி. அதான் பொம்பளைங்கோ பேசிக்கிட்டோம். கத்துனா மிர்ச்சி. அவ்ளோதான்."

"எத்தனை தடவை கத்திருக்கு, இப்படி?"

நஸ்ரின் காலால் தரையைத் தேய்த்தாள். "நக்கோ அக்கா, கேக்காதீங்கோ."

"புள்ள இருமுதே, காது கேக்கல உனக்கு?"

நஸ்ரின் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆபீசில் பாலசுப்ரமணியனிடம் சுந்தரி ஒளிவுமறைவில்லாமல் கொட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

"சுந்தரி, நீங்க சொல்றது நெஜமாவே இருக்கட்டும். இப்ப என்ன செய்யணும்ங்கிறீங்க? அந்த அலாரத்தையெல்லாம் காரணம் தெரியாததுன்னு மாத்தி எழுதினா கிராண்ட் நின்னுடும். நின்னா டப்பா இல்ல. அடுத்த கட்டத்துக்குப் பணம் வந்தா நல்ல சென்சார் போடலாம், மிளகாய்க்கும் விஷத்துக்கும் அதுவே வித்தியாசம் கண்டுபிடிக்கும். பட்டனே வேண்டாம். அதுக்கு இந்த ரிப்போர்ட் நல்லபடியா போகணும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் இத்தனை நாள் இருந்த மாதிரிதான் இருப்பாங்க."

இதில் தப்புக் கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. முக்கால் டேங்கர் என்றால் குச்சியைக் காட்டலாம். இந்த மனுஷன் சொல்வதில் எங்கே குச்சி விடுவது?

வீட்டில் ஜகதீசன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உனக்கு எதுக்கு இந்த வம்பு? திங்கக்கிழமை ரிப்போர்ட்ட அனுப்பு, வேலைய விடு. வீட்ல எனக்கு ஒழுங்கா ஒரு ரசம் வச்சு மாசமாச்சு" என்றார்.

"ரசமா? வைக்கிறேன். மிளகாயக் கிள்ளிப் போட்டு வைக்கிறேன். இருமி இருமிக் குடிங்க" என்று கிண்ணத்தை ணங்கென்று வைத்தாள். அன்றைக்கு ரசம் வைத்தாள். ஆனால் தாளிக்கும்போது கை ஒரு நிமிஷம் நின்றது.

பெண்களை மறுபடி கூப்பிட்டுப் பேசலாம் என்று நினைத்தாள். என்னவென்று பேசுவது? அமுக்காதீர்கள் என்றால், அப்புறம் டப்பா இருக்காது. அமுக்குங்கள் என்றால், அதைத்தான் செய்கிறார்களே. நஸ்ரினுக்கு மட்டும் போன் போட்டாள். "எனக்காக ஒண்ணு செய். உன் வீட்டு டப்பாவை மட்டும் அமுக்காத. அடுப்பத் தொட்டுப் பாரு. ஜில்லுன்னு இருந்தா புள்ளையத் தூக்கிட்டு மெயின் ரோட்டுக்கு ஓடிரு. கணக்கு எக்கேடோ கெட்டுப் போகட்டும்."

"மாமியா திட்டுவாங்கோ" என்றாள் நஸ்ரின். போனை வைத்துவிட்டாள்.

திங்கள்கிழமை மதியம் ரிப்போர்ட் ரெடியாக இருந்தது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய டிவி உண்டு. அதில் தெருவின் படம். ஒவ்வொரு வீடும் ஒரு புள்ளி. அலறினால் சிவப்பு, பட்டன் அமுக்கினால் பச்சை. சந்தீப் மாதிரி ஆட்கள் வந்தால் காட்டுவதற்கென்று மாட்டியது. சுந்தரி அதற்கு முதுகைக் காட்டித்தான் எப்போதும் உட்காருவாள். அன்றைக்கு எதற்கோ திரும்பினாள்.

கால்வாய் ஓரத்து முதல் வீடு சிவந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. தாளிப்பு என்றால் ஒரு வீடு சிவக்கும், மிஞ்சினால் ரெண்டு. இது கால்வாய்ப் பக்கத்திலிருந்து வரிசையாக, யாரோ தெருவுக்குள் நடந்து வருகிற மாதிரி வந்தது. தெரு முழுக்கச் சிவப்பாகிவிட்டது. அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

உடனே பச்சை. ஒரு வீடு பச்சை. ரெண்டு வீடு. நோன்பு அசதியில், வெயிலுக்குக் கதவைச் சாத்தி, கண்ணை மூடியபடியே சுவரைத் தடவுகிற கைகள் அவளுக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பச்சை, பச்சை, பச்சை. படத்தின் கீழே எழுத்து ஓடியது: சமையல், சமையல், சமையல்.

கடைசியில் ஒரே ஒரு புள்ளி சிவப்பாகவே நின்றது. நஸ்ரின் வீடு.

சுந்தரி அவளுக்குப் போன் போட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. ரெண்டாவது தடவை நஸ்ரின் எடுத்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, அடுப்பு ஜில்லுன்னு இருந்துச்சி. கண்ணு எரிஞ்சிச்சி. புள்ளையத் தூக்கினு மாமியாவ இழுத்துனு வெளிய வந்துட்டேன்."

"நல்லதுடி. ரோட்டுல இருக்கியா?"

"அவங்கள ரோட்டுல குந்த வச்சிட்டேன். நான் தெருவுக்குள்ள வந்திருக்கேன். யாரும் வெளிய வரல அக்கா. எல்லாரும் அமுக்கிட்டுப் படுத்திருக்காங்கோ."

"உள்ள போகாதடி! துப்பட்டாவ நனைச்சு மூக்குல கட்டு! சார்! சார், ஃபயர் சர்வீசக் கூப்பிடுங்க!"

பாலசுப்ரமணியன் வந்து டிவியைப் பார்த்தார். "பச்சையாத்தானம்மா இருக்கு."

"அந்தப் பச்சை என் பேச்சைக் கேட்டு வந்த பச்சை சார். கூப்பிடுங்க!"

அவர் அவசர எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் ஒரு பெண் தெலுங்கில், எத்தனை வீட்டில் அலாரம் என்று கேட்டாள். வாழ்நாளெல்லாம் மெஷின் காட்டியதை மட்டும் சொல்லிப் பழகிய மனுஷர், டிவியைப் பார்த்து, "ஒன்று" என்றார்.

சுந்தரி போனைப் பிடுங்கினாள். "மொத்தத் தெருவும்மா! தெரு முழுக்க ஆட்கள் தூங்குகிறார்கள். ஆம்புலன்சும் அனுப்புங்கள்!" என்று தெலுங்கில் கத்தினாள். இடத்தைச் சொன்னாள். ரெண்டு தடவை சொன்னாள். வண்டி கிளம்புகிறது என்றார்கள். வழியெல்லாம் லாரி ட்ராஃபிக்.

இன்னொரு காதில் நஸ்ரினின் போன் இன்னும் திறந்திருந்தது. தகரக் கதவைக் கையால் அடிக்கிற சத்தம். ஒரு கதவு திறந்தது. தூக்கக் கலக்கத்தில் ஒரு பெண் சிடுசிடுத்தாள். "எதுக்கு இப்படி அடிக்கிற? அமுக்கிட்டேன்ல!"

"சல் அக்கா, சீக்கிரம் புள்ளைங்களக் கூட்டிட்டு வெளிய வா! மிர்ச்சி இல்ல, நெஜம்!"

நஸ்ரின் இருமினாள். செருப்புச் சத்தம் அடுத்த வீட்டுக்குப் போனது. மறுபடி தகரம். அது திறந்ததா என்று தெரியவில்லை, யாரோ அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதற்கடுத்து, கால்வாயை ஒட்டிய வீடுகள்.

"போதும் நஸ்ரின், வந்துரு! வண்டி வருது, நீ வந்துரு!" என்று சுந்தரி கத்தினாள்.

நஸ்ரின் வரவில்லை. கால்வாய் ஓரத்து முதல் கதவை அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். உள்ளேயிருந்து ஒருவரும் குரல் கொடுக்கவில்லை.